அத்தியாயம் 6: அகலமான வாசல், அளவான செலவு

கோலார் தங்கவயலில் தொழிற்சாலை வாசல்கள் பெரும்பாலும் அகலமானவை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பொறுப்பை ஏற்றது முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, இந்த ஊர் கனமான சாமான்களை இறக்கியும் ஏற்றியும் பழகியது. 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் இங்குள்ள ஆலையிலிருந்து புல்டோசர்களும் எக்ஸ்கவேட்டர்களும் டிரெய்லரில் ஏறித்தான் வெளியே போகின்றன. பெமலிடம் இருந்த ஏறத்தாழ 970 ஏக்கர் நிலத்தை மாநில அரசு திரும்பப் பெற்று, தொழிற்பேட்டைக்கென ஒதுக்க முன்வந்திருக்கிறது. அங்கே ஆலை கட்டப்போகிறவர்களும் பழைய வளாகங்களைக் கையில் எடுப்பவர்களும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: பத்து, பன்னிரண்டு மீட்டர் அகல வாசலுக்குக் கைக்கு எட்டும் செலவில் எப்படிப் பாதுகாப்புப் போடுவது?

இந்த அத்தியாயத்தின் பதில் சுருக்கமானது. முழு அகலத்துக்கும் விலையுயர்ந்த தடுப்பு வாங்காதீர்கள். வாசலைப் பிரியுங்கள், வருகிற வண்டியின் வேகத்தைக் குறையுங்கள், தினமும் திறக்கும் பகுதிக்கு மட்டும் இயங்கும் தடுப்பு போடுங்கள். மிச்சத்தைக் கல்லும் கான்கிரீட்டும் பார்த்துக்கொள்ளும்.

1. எதைத் தடுக்கிறீர்கள்?

விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் இதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். வாசல் தடுப்புக்கு மூன்று விதமான வேலைகள் உண்டு.

முதலாவது, ஒழுங்கு. வண்டி நின்று, காவலர் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிய பிறகு போக வேண்டும். இதற்கு பூம் பேரியர் போதும். அதன் கை அலுமினியக் குழாய்தான். வேகமாக வரும் காரே அதை ஒடித்துவிடும். பூம் பேரியரைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் நம் ஊர்களில் பரவலான தவறு.

இரண்டாவது, திருட்டு. மூடிக்கிடக்கும் சுரங்க வளாகங்களிலிருந்து இரும்பும் செம்புக் கேபிளும் களவு போவது தங்கவயலுக்குப் பழகிப்போன வேதனை. இங்கே தடுக்க வேண்டியது உள்ளிருந்து சரக்கோடு வெளியேறும் லாரியை. பூட்டிய கனமான இரும்புக் கதவும், வெளியே போகும் வழியில் டயரைக் கிழிக்கும் முட்தடுப்பான டயர் கில்லரும் இதற்குப் பொருந்தும். டயர் கில்லர் லாரியை அந்த இடத்திலேயே நிறுத்தாது. டயர் கிழிந்த பிறகும் வண்டி சில பத்து மீட்டர் உருளும். ஆனால் சுமையோடு தப்பி ஓட முடியாது.

மூன்றாவது, மோதித் தகர்த்துக்கொண்டு உள்ளே நுழையும் வண்டி. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியின் பிரதான வாசலை வெடிமருந்து ஏற்றிய லாரி மோதி உடைத்தது. 91 பேர் இறந்தார்கள். 1,400 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். பாதுகாப்புத் துறை தொடர்பான உற்பத்தி, வெடிபொருள், அபாயகரமான ரசாயனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வளாகத்தில் இருந்தால் இந்த மூன்றாவது வேலைக்குத்தான் திட்டமிட வேண்டும். மோதல் சோதனையில் தேறிய தடுப்பு தேவைப்படுவதும் இதற்கு மட்டுமே. சாதாரண உதிரிப்பாகப் பட்டறைக்கு அதை வாங்குவது வீண்.

2. விலையை ஏற்றுவது வேகம்

வண்டியின் எடை இரட்டித்தால் மோதும் ஆற்றலும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்2656-இல், ஏறத்தாழ 6,800 கிலோ எடையுள்ள லாரியை மோதவிட்டு மூன்று நிலைகளில் சோதிக்கிறார்கள்.

• எம்30: மணிக்கு 48 கி.மீ., ஏறத்தாழ 605 கிலோஜூல்
• எம்40: மணிக்கு 64 கி.மீ., ஏறத்தாழ 1,075 கிலோஜூல்
• எம்50: மணிக்கு 80 கி.மீ., ஏறத்தாழ 1,680 கிலோஜூல்

நம் சாலைகளில் ஓடும் லாரி இதைவிடக் கனமானது. 2018-இல் மத்திய அரசு உயர்த்திய வரம்பின்படி இரண்டு அச்சு லாரி சுமையோடு 18.5 டன் வரை இருக்கலாம். அந்த லாரி வெறும் 48 கி.மீ. வேகத்தில் வந்தாலே ஏறத்தாழ 1,645 கிலோஜூல் ஆகிறது. எம்50 சோதனையின் ஆற்றலுக்கு அது கிட்டத்தட்ட சமம். 'எம்30 போதும்' என்று விற்பனையாளர் சொன்னால், எந்த எடைக்கு, எந்த வேகத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் வாசலுக்கு முன்னால் எவ்வளவு நேர்ச்சாலை இருக்கிறது என்று அளந்து பாருங்கள். சுமை லாரி நின்ற நிலையிலிருந்து விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வேகம் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டரில் 36 கி.மீ., 100 மீட்டரில் 51 கி.மீ., 200 மீட்டரில் 72 கி.மீ. வேகத்தை எட்டும். நேர்ச்சாலையை வெட்டினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வாங்க வேண்டிய தடுப்பின் தரமும் விலையும் இறங்கும்.

அதற்கு வழி, வளைத்து விடுவது. கான்கிரீட் கட்டைகளை இடமும் வலமும் மாற்றி வைத்து வண்டியை எஸ் வடிவில் திரும்ப வையுங்கள். பத்து மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தைச் சுமை லாரி 25 கி.மீ. வேகத்துக்கு மேல் எடுத்தால் கவிழும் நிலைக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் 18.5 டன் லாரியின் ஆற்றல் ஏறத்தாழ 445 கிலோஜூல். எம்30 அளவுக்குள்ளேயே அடங்குகிறது. கடைசித் திருப்பத்துக்கும் தடுப்புக்கும் இடையே எட்டு மீட்டருக்கு மேல் நேர் ஓட்டம் விடக்கூடாது. விட்டால் லாரி மறுபடி வேகம் பிடிக்கும்.

கட்டைகளைச் சும்மா தரையில் வைத்தால் மோதும்போது சறுக்கிப் போகும். ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் பிணைத்து, தரையில் முளையடித்து நிறுத்துங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன். கிரானைட் அதைவிடக் கனம், ஏறத்தாழ 2.7 டன். கோலார் மாவட்டக் கல்குவாரிகளில் விரிசல் காரணமாகக் கழித்துப் போட்ட கட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். அலங்காரத்துக்கு உதவாத கல் லாரியை மறிக்க நன்றாக உதவும்.

3. பன்னிரண்டு மீட்டரைப் பிரிப்பது எப்படி?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். வாசல் 12 மீட்டர். 30 செ.மீ. விட்டமுள்ள பொல்லார்டுகளை, அதாவது தடுப்புத் தூண்களை, நிறுத்துகிறோம். இரண்டு பொல்லார்டுகளுக்கு இடையே 1.2 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் கார் நுழைந்துவிடும். இந்த அளவில் முழு அகலத்துக்கும் எட்டு பொல்லார்டுகள் வேண்டும். எட்டும் ஏறி இறங்கும் ஹைட்ராலிக் வகை என்றால் எட்டுக் குழி, எட்டு வடிகால், எட்டு பழுதுகள்.

இதையே இப்படிப் பிரியுங்கள்:

• நடுவில் 1.5 மீட்டர் அகலத் திட்டு. காவலர் கூண்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இதன்மேல்.
• உள்வழி 3.5 மீட்டர். இயங்கும் தடுப்பு.
• வெளிவழி 3.5 மீட்டர். இயங்கும் தடுப்பு.
• வெளிவழியை ஒட்டி 3.5 மீட்டர் சிறப்பு வழி. கையால் திறக்கும் கனமான தடுப்பு.

நம் மோட்டார் வாகன விதிகளின்படி லாரியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகாது. 3.5 மீட்டர் வழியில் இரு பக்கமும் 45 செ.மீ. மிஞ்சும். இயங்கும் பொல்லார்டுகள் எட்டிலிருந்து நான்காகின்றன. சிறப்பு வழிக்குப் பூட்டு போட்ட, கழற்றி எடுக்கும் பொல்லார்டு இரண்டு போதும். மோட்டாரும் எண்ணெயும் இல்லாத தடுப்பு என்பதால் பராமரிப்பு எளிது.

அளவு மீறிய சரக்கு எப்போதாவதுதான் வரும். வரும் நாளும் முன்கூட்டியே தெரியும். அன்று சிறப்பு வழியையும் வெளிவழியையும் சேர்த்துத் திறந்தால் ஏழு மீட்டர் கிடைக்கும். வழி மறித்த கட்டைகளை ஆலையின் சொந்த கிரேனைக் கொண்டு நகர்த்தி, வேலை முடிந்ததும் அன்றைக்கே திரும்ப வைத்துவிட வேண்டும். நீண்ட டிரெய்லர்களால் எஸ் வளைவைத் தாண்ட முடியாது. அவையும் நேரம் குறித்துக்கொண்டு இந்தச் சிறப்பு வழியில்தான் வர வேண்டும்.

இந்த ஏழு மீட்டருக்கு இன்னொரு பயன் உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரமான கட்டட வளாகங்களின் பிரதான வாசல், தீயணைப்பு வண்டி நுழைய 6 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. ஆபத்தான பொருள் இருக்கும் ஆலைகளும் அதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வது நல்லது. கழற்றும் பொல்லார்டின் சாவி காவலர் கூண்டிலேயே இருக்க வேண்டும். மேலாளரின் மேசை டிராயரில் இருக்கக்கூடாது. தீயணைப்புத் துறையினரை அழைத்து ஒத்திகை பார்த்து, எத்தனை நிமிடத்தில் திறக்கிறது என்று குறித்து வையுங்கள்.

தடுப்பைச் சாலையோரத்திலேயே வைத்துவிடாதீர்கள். விதிப்படி டிரெய்லர் லாரி 18.75 மீட்டர் நீளம் வரை இருக்கலாம். வாசல் எல்லையிலிருந்து 20 மீட்டர் உள்ளே தடுப்பு அமைந்தால், சோதனைக்கு நிற்கும் லாரியின் வால் பொதுச்சாலையை மறிக்காது. வெளியே கட்டை வைப்பதானால் நகரசபையின் அனுமதி வேண்டும். உள்ளே வைத்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

4. எந்தத் தடுப்பு எந்த இடத்துக்கு?

நிலையான பொல்லார்டு: விலைக்குத் தரும் பலனில் இதை மிஞ்சுவது எதுவுமில்லை. 2007 ஜூன் 30 அன்று கிளாஸ்கோ விமான நிலையத்தின் கதவை நோக்கி எரிவாயு உருளைகளோடு ஓட்டிவரப்பட்ட ஜீப், முனையத்துக்குள் முழுவதுமாக நுழையாமல் தடுத்தவை வாசலில் நட்டிருந்த பொல்லார்டுகள்தான். திறக்கத் தேவையில்லாத எந்த இடைவெளிக்கும் இதுவே முதல் தேர்வு.

இயங்கும் பொல்லார்டு: பார்வைக்கு நேர்த்தியானது. ஆழமான குழியும் நல்ல வடிகாலும் வேண்டும். பாறை நிலத்தில் குழி தோண்டும் செலவே தனியாக எகிறும்.

ரோடு பிளாக்கர்: தரையிலிருந்து எழும் எஃகுத் தகடு. ஒரு வழிக்கு ஒன்று போதும். ஆழம் குறைந்த அஸ்திவாரத்தில் பதியும் வகைகளும் கிடைக்கின்றன. தகடு எந்தப் பக்கத்து மோதலைத் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல வகைகள் ஒரு திசைக்கு மட்டுமே உரியவை.

மோதல் தாங்கும் கம்பம்: பூம் பேரியரைப் போலவே எழும்பும், ஆனால் கை எஃகால் ஆனது, அதன் நுனி எதிர்ப்புறத் தூணில் சிக்கிக்கொள்ளும். கையால் இயக்கும் வகை மின்தடையிலும் வேலை செய்யும். நாளுக்கு இருபது, முப்பது வண்டிகள் வரும் நடுத்தர ஆலைக்கு இதைவிடச் சிக்கனமான தேர்வு அரிது.

ஸ்லைடிங் கேட்: முழு அகலத்தையும் ஒரே கதவால் மூட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 12 மீட்டர் வாசலுக்குக் கதவு ஒதுங்கி நிற்க இன்னொரு 12 மீட்டர் மதிலோரம் காலியாக இருக்க வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் வகைக்கு இந்த ஊரில் ஒரு தனி எதிரி உண்டு. ஆடிக் காற்றில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து பறந்துவரும் பொடி மணல் பள்ளத்தில் படிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். தரையைத் தொடாமல் ஓடும் கான்டிலீவர் வகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் கதவு வாசலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமானது. பகலில் திறந்தே கிடக்கும் கதவு எதையும் தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

5. தங்கவயல் நிலத்தில் அஸ்திவாரம்

எவ்வளவு நல்ல தடுப்பானாலும் அதன் பலம் அஸ்திவாரத்தில்தான். இங்கே நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

அ. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கு மேல் ஆழம் போனது. ஆழத்தைவிட, மேற்பரப்புக்கு அருகே நிரப்பாமலோ அரைகுறையாக நிரப்பியோ விட்ட பழைய குழிகள்தான் உங்கள் கவலை. மாரிக்குப்பம், ஊர்காம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் தோண்டுவதற்கு முன் பழைய சுரங்க வரைபடத்தோடு இடத்தை ஒப்பிடுங்கள்.

ஆ. பல இடங்களில் சற்றுத் தோண்டியதுமே கடினப் பாறை வரும். அங்கே ஆழக்குழி பொல்லார்டை விட்டு, 30 செ.மீ. ஆழத்தில் கம்பிக் கூட்டோடு பதியும் வகையைத் தேர்ந்தெடுத்தால் பாறை உடைக்கும் கூலி மிச்சம்.

இ. சயனைடு மேட்டு மணல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கான்கிரீட்டிலோ கட்டைகளை நிரப்பவோ பயன்படுத்தாதீர்கள். அது மிக நுண்ணியது. ரசாயன மிச்சம் கலந்தது. தொழிலாளர் உடல்நலத்துக்கும் கேடு, கான்கிரீட்டின் பலத்துக்கும் கேடு.

ஈ. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஹைட்ராலிக் குழி நிரம்பும். வாங்குவதற்கு முன், ஏற்கெனவே இந்த வகையைப் பொருத்திய ஓர் ஆலைக்குப் போய், குழியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடியில் சேறு படிந்து, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னினால் வடிகால் அடைத்திருக்கிறது, சீல் கசிகிறது என்று பொருள். அந்தக் காட்சி சொல்லும் உண்மையை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

பிறகு உங்கள் வாசலுக்கே வந்து, டேப்பை எடுத்துக்கொண்டு கடைசி பொல்லார்டுக்கும் மதிலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு மழைநீர்க் கால்வாய் ஓடும். அதன்மேல் கடப்பாக்கல் பாவியிருக்கும். டூவீலர்கள் போய்ப்போய்க் கல்லின் விளிம்பு தேய்ந்திருக்கும். ஒரு சக்கரம் அந்தக் கல்லின்மேலும் மறு சக்கரம் சாலையிலுமாக ஒரு ஜீப் நுழைய முடிந்தால், நடுவில் போட்ட பணம் முழுக்க வீண். வாசலின் பலம் அதன் பலவீனமான இடைவெளியின் பலம்தான். மதில் பலமில்லாத இடங்களில் உட்பக்கமாக ஒரு மீட்டர் ஆழ அகழியும், தோண்டிய மண்ணாலேயே கரையும் எழுப்புங்கள். ஒரு ஜே.சி.பி.யின் சில நாள் வேலை அது.

6. சான்றிதழில் பார்க்க வேண்டியவை

சோதனைச் சான்றிதழ் என்று ஒரு பக்கத் தாளைக் காட்டினால் போதாது. முழு அறிக்கையைக் கேளுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்2656, ஐ.டபிள்யூ.ஏ. 14, அதன் இடத்தில் 2023-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 22343, பிரிட்டனின் பழைய பி.ஏ.எஸ். 68 ஆகியவை உலகில் புழங்கும் தரங்கள். அறிக்கையில் ஐந்து விவரங்களைத் தேடுங்கள்:

• வண்டியின் எடையும் வேகமும்
• மோதிய பிறகு வண்டி எவ்வளவு தூரம் உள்ளே வந்தது (அமெரிக்கத் தரத்தில் பி1 என்றால் ஒரு மீட்டருக்குள்)
• சோதித்த தடுப்பின் அகலம்
• அஸ்திவாரத்தின் ஆழமும் மண்ணின் வகையும்
• சோதித்த கூடத்தின் பெயரும் தேதியும்

இவற்றில் அகலம்தான் நமக்கு முக்கியம். மூன்று மீட்டர் அகலத்தில் தேறிய கம்பம் ஆறு மீட்டருக்கு நீட்டப்பட்டால் அது வேறு கம்பம். அதே சான்றிதழ் அதற்குச் செல்லாது. வாசலைச் சிறு வழிகளாகப் பிரிப்பதன் இன்னொரு லாபம் இது: சோதிக்கப்பட்ட அளவிலேயே வாங்கலாம்.

7. வாங்கிய பிறகு

விலையைப் பத்து ஆண்டுகளுக்குக் கணக்கிடுங்கள். கருவியின் விலை, அஸ்திவாரம், மின்சாரம், பேட்டரி மாற்றம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், சீல், எண்ணெய் எல்லாம் சேர வேண்டும். பழுது பார்க்க ஆள் பெங்களூரிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மின்சாரம் போனால் கைப்பம்பால் ஏற்றி இறக்க முடிய வேண்டும்.

தடுப்பு அடிக்கடி மோதுவது எதிரியின் வண்டியை அல்ல, நம் வண்டியைத்தான். 2019 பிப்ரவரியில் டெல்லி நாடாளுமன்ற வளாகத்திலேயே ஒரு மக்களவை உறுப்பினரின் கார் தடுப்பில் மோதி, தரையிலிருந்து முட்கள் எழுந்தன. ஆகவே வண்டி மேலே நிற்பதை உணரும் தரையடி வளையம், சிவப்பு-பச்சை விளக்கு, எச்சரிக்கை மணி ஆகியவை இல்லாமல் எந்த இயங்கும் தடுப்பையும் ஏற்காதீர்கள். செலவைக் குறைக்கிறேன் என்று இவற்றில் கைவைத்தால் அது ஓர் ஓட்டுநரின் உயிரில் போய் முடியும்.

2001 டிசம்பர் 13 அன்று அதே வளாகத்துக்குள் நுழைந்த தாக்குதல்காரர்களின் அம்பாசிடர் காரில் போலி உள்துறை அமைச்சக ஒட்டுச்சீட்டு இருந்தது. ஒட்டுச்சீட்டைப் பார்த்துக் கதவு திறக்கும் வரை எஃகுக்கு வேலை இல்லை. காவலருக்குப் பயிற்சி, வண்டி எண் பட்டியல், ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து விசாரிக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கும் அதே திட்ட மதிப்பீட்டில் பணம் ஒதுக்குங்கள்.

8. நடந்து வருகிறவர்களுக்குத் தனி வழி

ஷிப்ட் மாறும் நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வாசலைக் கடப்பார்கள். அவர்களை லாரி வழியில் விடாதீர்கள். நடைக்கும் டூவீலருக்கும் தனி வாசல் வையுங்கள். பொல்லார்டு இடைவெளியில் டூவீலர் எப்படியும் நுழையும் என்பதால் அங்கே தனிக் கண்காணிப்பு வேண்டும். மழைக்கு ஒதுங்கக் கூரையும், சக்கர நாற்காலி செல்லும் அகலமும் இருக்கட்டும். வாசலில் தொழிலாளரை நடத்தும் விதம் இந்த ஊரில் சின்ன விஷயம் அல்ல. 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் தங்களைக் குற்றவாளிகளைப் போலக் கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்தே வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாப்புக்கான வாசல் உள்ளே உழைப்பவர்களின் மரியாதையையும் காக்க வேண்டும்.

முடிவாக

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் ஓர இடைவெளிகளை அடைப்பது, அடுத்து வேகத்தை வளைப்பது, பிறகு அகலத்தைப் பிரிப்பது, கடைசியில் இயங்கும் தடுப்பு. முதல் மூன்றையும் உள்ளூர்க் கொத்தனாரும் கிரேனும் கல்லும் கொண்டே முடித்துவிடலாம். அவை முடிந்த பிறகு விலைப்பட்டியல் கேளுங்கள். அப்போது நீங்கள் வாங்க வேண்டியது முதலில் நினைத்ததில் பாதிக்கு மேல் இருக்காது.